லண்டன் மட்டும் போதுமா? சரியச் சரிய அழகாகும் டார்செட் கடற்கரைக்கு மூன்று நாள் டூர்!

லண்டனில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே பிக் பென், லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ் எல்லாம் முடிந்துவிடும். ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்கும் போய் வந்தாகிவிடும். அதற்குப் பிறகு? பிள்ளைகள் வேலைக்குப் போனதும் ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்ப்பதுதான் பலருடைய இங்கிலாந்து அனுபவம்.

அந்த நாட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். லீவு என்றால் கடற்கரை கிராமம் என்பார்கள். பாறை ஓரமாக நடை, மணலில் குழந்தைகளோடு விளையாட்டு, மாலையில் டீயும் ஸ்கோனும். இதுதான் தலைமுறை தலைமுறையாக அவர்களின் கோடை விடுமுறை. இந்த வாரம் நாம் போகப்போவதும் அப்படி ஓர் இடத்துக்குத்தான். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் டார்செட்!

பெயரிலேயே ஜுராசிக்!

டெவன் மாவட்டத்தின் எக்ஸ்மத் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி, டார்செட்டின் ஸ்வானெஜ் வரை சுமார் 150 கி.மீ. நீளும் இந்தக் கரைக்கு 'ஜுராசிக் கோஸ்ட்' என்று பெயர். 2001-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்பீல்பெர்க் படத்துக்கும் இந்தப் பெயருக்கும் நேரடி உறவு கிடையாது. ஜுராசிக் என்பது பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டம்.

மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக, பொதுவாகப் பாறைகளின் வயது குறைந்துகொண்டே வரும். எக்ஸ்மத் பக்கம் இருக்கும் செம்பாறைகளுக்கு வயது சுமார் 25 கோடி ஆண்டுகள். நடுவில் சாம்பல் நிறப் பாறை. ஸ்வானெஜ் பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேர் என்று நிற்கும் பாறைகள்தான் இருப்பதில் இளையவை. மொத்தம் 18.5 கோடி ஆண்டுகளின் கதை, புத்தகத்தைப் பிரித்து வைத்ததுபோல் கடலோரத்தில் கிடக்கிறது.

இந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது யார் தெரியுமா? கடலும் மழையும்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் பாறை கொஞ்சம் சரிகிறது. சரிந்த இடத்தில் புதிதாக ஒன்று வெளியே வருகிறது. ஊருக்கு ஆபத்து வரும் இடங்களில் சுவர் கட்டுகிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் சரிய விட்டுவிடுகிறார்கள். சுவர் எழுப்பிவிட்டால் பாறையைப் புல் மூடிவிடும், புதிதாக எதுவும் வெளியே வராது. இந்தக் கரையின் அழகும் ஆபத்தும் ஒரே காரணத்தால் வருபவை. அதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினால் இந்த டூர் வேறு மாதிரி தெரியும்.

முதல் நாள்: லைம் ரீஜிஸ் - அப்பா இல்லாத பெண் கண்டெடுத்த கடல் அரக்கன்

சரிவான தெருக்கள், வண்ண வண்ண பீச் குடில்கள், கடலுக்குள் வளைந்து நீளும் 'காப்' என்ற பழைய துறைமுகச் சுவர். லைம் ரீஜிஸ் சின்ன ஊர்தான். 1803, 1804 ஆண்டுகளில் இங்கே வந்து தங்கிய எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின், தன் 'பெர்சுவேஷன்' நாவலில் ஒரு பெண் காப் சுவரின் படிகளில் தவறி விழுவதுபோல் எழுதினார். இன்றைக்கும் அந்தப் படி எது என்று தேடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சுவர் கடல் பக்கம் சாய்வாக இருக்கும், கைப்பிடி கிடையாது. மழை நாளில் மேலே ஏறாமல் கீழ்ப் பாதையிலேயே நடப்பது நல்லது.

ஆனால், இந்த ஊரின் நிஜமான நாயகி நாவலில் இல்லை. அவர் பெயர் மேரி ஆனிங்.

1799-ல் ஓர் ஏழைத் தச்சரின் மகளாகப் பிறந்தார். குடும்பத்தின் கூடுதல் வருமானத்துக்காக அப்பா கடற்கரையில் புதைபடிவங்களைப் பொறுக்கி, ஊருக்கு வரும் பணக்காரர்களிடம் விற்பார். 1810-ல் அப்பா கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். அடுத்த ஆண்டு மேரியின் அண்ணன் ஜோசப் பாறையில் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டுபிடித்தான். அதன் உடலை 1812-ல் தேடிக் கண்டுபிடித்தவள் 12, 13 வயது மேரி. முதலை என்று ஊரே நினைத்த அது, இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வன. டைனோசர் காலத்தில் கடலில் நீந்தியது.

பிறகு 1823-ல் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும், 1828-ல் பறக்கும் ஊர்வன ஒன்றையும் கண்டெடுத்தார். தானே படித்தார், மீன்களை அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்றார். லண்டனிலிருந்து அறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள், விலை கொடுத்து வாங்கினார்கள், கட்டுரை எழுதினார்கள். கட்டுரையில் அவர் பெயர் மட்டும் பல நேரம் இருக்காது. பெண் என்பதால் லண்டன் புவியியல் சங்கத்தில் உறுப்பினராகவும் வழியில்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது 1919-ல்தான். மேரி 1847-லேயே, 47 வயதில் இறந்துவிட்டார்.

இந்த வேலையில் உயிர் ஆபத்து எவ்வளவு என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. 1833-ல் ஒரு பாறைச் சரிவு அவர் கண்ணெதிரே விழுந்தது. கூடவே ஓடித் திரிந்த ட்ரே என்ற நாய் அந்த இடத்திலேயே இறந்தது. மேரி மயிரிழையில் தப்பினார்.

அவருக்கு ஒரு சிலை வேண்டும் என்று முதலில் கேட்டது ஒரு பள்ளிச் சிறுமி. அம்மாவும் மகளுமாகத் தொடங்கிய அந்த இயக்கம் மக்களிடம் நிதி திரட்டி, 2022 மே 21 அன்று, மேரியின் பிறந்தநாளில் சிலையைத் திறந்தது. கையில் சுத்தியல், கூடவே ட்ரே. குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேரி வாழ்ந்த வீடு இருந்த இடத்தில்தான் இன்றைய லைம் ரீஜிஸ் அருங்காட்சியகம் நிற்கிறது.

நீங்களும் பொறுக்கலாம்!

இங்கே குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும் வேலை புதைபடிவம் தேடுவதுதான். கட்டணம் கிடையாது. பக்கத்து ஊரான சார்மத் கடற்கரை இதற்குத் தோதான இடம். அங்குள்ள தகவல் மையத்தில் எதை எங்கே தேடுவது என்று சொல்லித் தருவார்கள். வழிகாட்டியோடு கூட்டமாக நடந்து தேடும் ஏற்பாடும் உண்டு.

கூழாங்கற்களுக்கு நடுவே சுருள் சுருளாகத் தெரிவது அம்மோனைட். நம் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் இதே உயிரினத்தின் படிவம்தான். அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புப் பாறைகளிலும் அம்மோனைட் உண்டு. அந்தப் பக்கமும் ஒருகாலத்தில் கடலாக இருந்ததற்கு அதுவே அடையாளம். துப்பாக்கித் தோட்டா மாதிரி கூராகக் கிடைப்பது பெலம்னைட், கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம்.

இரண்டே இரண்டு விதிகள்தான். உதிர்ந்து கரையில் கிடப்பதை மட்டும் எடுக்கலாம். பாறையில் பதிந்திருப்பதைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது. அரிதாக ஏதாவது கிடைத்தால் மையத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். லைம் ரீஜிஸின் மேற்குப் பக்கம், மான்மத் கடற்கரையில் தரைப்பாறை முழுக்கப் பெரிய பெரிய அம்மோனைட்டுகள் பதிந்திருக்கும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். அதோடு சரி.

கடல் மணிக்குத்தான் கிளம்பணும்!

இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ கடல் ஏறுவதும் வற்றுவதும் நமக்குப் பெரிதாகத் தெரியாது. லைம் ரீஜிஸ் பக்கம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று காலை 10 மணிக்கு நடந்த மணலில் நாலைந்து நாள் கழித்து அதே 10 மணிக்கு அலை அடித்துக்கொண்டிருக்கலாம்.

லைம் ரீஜிஸுக்கும் சார்மத்துக்கும் இடையே கடற்கரை வழியாக நடப்பவர்கள், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஏறும் கடலுமாக நடுவில் மாட்டிக்கொள்வது உண்டு. கடல் வற்றத் தொடங்கிய பிறகு கிளம்பி, மீண்டும் ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். அன்றைய நேரம் செல்போனிலேயே கிடைக்கும். தங்கும் விடுதியிலும் சொல்வார்கள்.

பாறையின் அடியில் உட்காருவது, துணி விரித்துச் சாப்பிடுவது கூடவே கூடாது. 2008 மே மாதம் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 400 மீட்டர் நீளத்துக்குக் கரை அப்படியே கீழே இறங்கியது. 2012 கோடையில் இதே டார்செட்டின் பர்ட்டன் பிராட்ஸ்டாக் கடற்கரையில் பாறை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அது ஜூலை மாதம். மழைக்காலத்தில் மட்டும்தான் விழும் என்று நினைக்க வேண்டாம்.

சரிவை வேடிக்கை பார்க்கும் வழக்கமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் லைம் ரீஜிஸுக்கு மேற்கே ஒரு பெரிய நிலப்பகுதி பிளந்து கடல் பக்கம் நகர்ந்தது. அதன் மேல் விதைத்திருந்த கோதுமை வாடவில்லை, நன்றாகவே வளர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த அறுவடையை விழாவாகவே நடத்த, கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்தார்கள். இன்றைக்கு அந்த இடம் அடர்ந்த காடு. நடுவே நடைபாதை போகிறது. மூட்டு வலி இல்லாதவர்கள் மட்டும் முயற்சி செய்யலாம்.

இரண்டாம் நாள்: பட்டாணி முதல் உருளைக்கிழங்கு வரை

லைம் ரீஜிஸிலிருந்து கிழக்கே வந்தால், வெஸ்ட் பே என்ற ஊரில் தேன் நிறப் பாறைகள் செங்குத்தாக நிற்கும். அங்கிருந்து போர்ட்லண்ட் வரை சுமார் 29 கி.மீ. நீளத்துக்குக் கூழாங்கற்களால் ஆன ஒரே கரை. இதுதான் செஸில் பீச்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கு முனையில் கற்கள் பட்டாணி அளவு. கிழக்கே போகப் போகப் பெரிதாகி, போர்ட்லண்ட் முனையில் உருளைக்கிழங்கு அளவாகிவிடும். அலைகளே இப்படிச் சலித்து வைத்திருக்கின்றன. இருட்டில் படகைக் கரையேற்றும் மீனவர்களும் கடத்தல்காரர்களும் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்களாம். ஞாபகத்துக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். சட்டப்படி அதற்கு அனுமதி இல்லை. இங்கே கடலில் இறங்கவும் வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும், திரும்பும் அலை காலை வாரிவிடும்.

கரைக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு நீண்ட காயல் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஆபட்ஸ்பரி என்ற ஊரில் நூற்றுக்கணக்கான அன்னங்கள் கூடு கட்டி வாழ்கின்றன. அந்தக் காலத்தில் மடத்துத் துறவிகள் விருந்துக்காக அன்னம் வளர்த்த இடம் இது. 1393-லேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இப்போது யாரும் சாப்பிடுவதில்லை. மே நடுவிலிருந்து ஜூன் முடிய முட்டையிலிருந்து குஞ்சுகள் வெளிவரும் காலம். நடைபாதையின் ஓரத்திலேயே கூடுகள் இருக்கும். வயதானவர்களும் சிரமப்படாமல் நடந்து பார்க்கலாம்.

சிமென்ட் மூட்டையில் இருக்கும் ஊர்

நீங்கள் வீடு கட்டியிருந்தால் இந்த ஊரின் பெயரை நிச்சயம் படித்திருப்பீர்கள். சிமென்ட் மூட்டையில் 'போர்ட்லண்ட் சிமென்ட்' என்று அச்சிட்டிருக்கும் அல்லவா? அந்தப் போர்ட்லண்ட் இதுதான்! ஆனால், சிமென்ட் இங்கே பிறக்கவில்லை. 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் தன் சிமென்டுக்கு உரிமம் வாங்கியபோது, காய்ந்த பிறகு பார்க்கப் புகழ்பெற்ற போர்ட்லண்ட் கல் மாதிரியே இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தார். லண்டனின் செயின்ட் பால் தேவாலயமும், பக்கிங்காம் அரண்மனையின் முகப்பும் இந்தக் கல்லால் ஆனவை. லண்டனில் அண்ணாந்து பார்த்த கட்டடங்கள் எங்கிருந்து கிளம்பின என்று இங்கே குனிந்து பார்க்கலாம்.

டவுட் என்ற பழைய குவாரி இப்போது சிற்பப் பூங்கா. பாறையிலேயே செதுக்கிய உருவங்களைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. தென்முனையில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் 1906-லிருந்து நிற்கிறது.

போர்ட்லண்ட்காரர்களிடம் முயல் என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள்! முயல் வளை தோண்டுவதால்தான் குவாரியில் பாறை சரிகிறது என்று அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் நம்பினார்கள். முயலைப் பார்த்துவிட்டால் அன்றைய வேலையையே நிறுத்திவிடுவார்களாம். இன்றைக்கும் பெரியவர்கள் சிலர் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள். ராத்திரியில் பாம்பு என்று சொல்லக் கூடாது என்கிற நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது உடனே புரியும்.

அன்றைய இரவு வேமத்தில் தங்கலாம். அகலமான மணல் கடற்கரை, ஆழம் குறைவான கடல். குழந்தைகள் குளிக்க ஏற்ற இடம். 1789-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் உடல்நலம் தேறுவதற்காக இங்கே வந்து கடலில் குளித்தார். அதன் பிறகுதான் வேமத் பெரிய சுற்றுலா ஊரானது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம், ஆகஸ்ட்டிலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும்!

மூன்றாம் நாள்: கல் வாசல், காலியான கிராமம்

ஜுராசிக் கோஸ்ட் என்று தேடினால் முதலில் வரும் படம் டர்டில் டோர். கடலுக்குள் வாசல் மாதிரி நிற்கும் சுண்ணாம்புக்கல் வளைவு. பக்கத்தில் லல்வொர்த் கோவ். யாரோ காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமான சின்ன வளைகுடா. இரண்டுக்கும் நடுவே அரை மணி நேர நடை, ஆனால் ஏற்றம் கடுமை. நடக்க முடியாதவர்கள் கோவில் காரை நிறுத்தினால் தண்ணீர் வரை எளிதாகப் போய்விடலாம். டர்டில் டோரை மேலிருந்து பார்த்தாலே போதும், படியிறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வளைவின் மேல் ஏறிக் கடலில் குதிக்கும் இளைஞர்களைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். 2020-ல் அப்படிக் குதித்தவர்களில் சிலர் படுகாயமடைந்து ஹெலிகாப்டரில் போனார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டைனம். அழகான பள்ளத்தாக்கு, தேவாலயம், பள்ளிக்கூடம், வரிசை வீடுகள். ஆனால், ஆள் இல்லை. 1943-ல் ராணுவப் பயிற்சிக்காக இந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள்கள் முன்பு சுமார் 225 பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போர் முடிந்ததும் திரும்பி வருவோம், அதுவரை வீடுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். போர் முடிந்தது, ராணுவம் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. ஒருவராலும் திரும்ப முடியவில்லை.

இன்று பெரும்பாலான வார இறுதி நாள்களில் டைனமைப் பார்க்க அனுமதி உண்டு. கூரை இல்லாத வீடுகளின் சுவரில், யார் குடியிருந்தார்கள் என்ற விவரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போக நேர்ந்த வலி தெரிந்தவர்களுக்கு இங்கே வெறும் வேடிக்கையாக நிற்க முடியாது. மஞ்சள் கம்பங்கள் காட்டும் பாதையைவிட்டு விலகக் கூடாது. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் இருக்கலாம்.

அடுத்தது கிம்மரிட்ஜ். ஸ்டீவ் எட்செஸ் என்பவர் இந்த ஊரின் பிளம்பர். வேலை போக மிச்ச நேரமெல்லாம் கடற்கரையில் புதைபடிவம் தேடினார். பல பத்தாண்டுகள் சேர்த்தவை வீட்டில் கொள்ளாமல், 2016-ல் தனி அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டன. 2022-ல் பாறையின் நடுவே தெரிந்த, சுமார் 2 மீட்டர் நீளமுள்ள பிளயோசாரின் மண்டையோட்டைக் கயிற்றில் தொங்கியபடி வெட்டி எடுத்தார்கள். இப்போது அங்கே பார்க்கலாம். பட்டம் இல்லாத மேரி ஆனிங் தொடங்கியதை, இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு பிளம்பர் தொடர்ந்திருக்கிறார்.

கிம்மரிட்ஜ் வளைகுடாவின் மேல் நிற்கும் கிளாவெல் கோபுரத்தையும் பாருங்கள். 1830-ல் கட்டியது. பாறை சரிந்து சரிந்து விளிம்பு கோபுரத்தை நெருங்கிவிட, ஒவ்வொரு கல்லாகப் பிரித்து 25 மீட்டர் உள்ளே தள்ளி மறுபடியும் கட்டினார்கள். 2008-ல் வேலை முடிந்தது. கடலை நிறுத்த முடியாது, நாம்தான் நகர வேண்டும் என்று புரிந்துகொண்ட வேலை அது.

மாலை கார்ஃப் கேஸில். 1646-ல் உள்நாட்டுப் போரின்போது வெடி வைத்துத் தகர்த்த கோட்டையின் மிச்சம் குன்றின் மேல் நிற்கிறது. அடிவாரத்தில் நீராவி ரயில் புகைவிட்டுக்கொண்டு போகும். 1972-ல் இந்த ரயில் பாதையை மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ஊர்க்காரர்களும் ரயில் பிரியர்களும் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்து அதை மறுபடியும் போட்டார்கள். கார்ஃப் கேஸிலில் ஏறினால் ஸ்வானெஜ் கடற்கரையில் இறங்கலாம்.

இன்னும் நேரம் இருந்தால் ஸ்டட்லண்ட் கிராமத்திலிருந்து நடந்து ஓல்டு ஹாரி பாறைகளைப் பார்க்கலாம். ஏறக்குறைய சமதளமான பாதை. கடலில் வெள்ளைத் தூண்கள் நிற்கும். பக்கத்தில் 'ஹாரியின் மனைவி' என்று ஒரு தூண் இருந்தது, 1896-ல் அது கடலில் சரிந்துவிட்டது. விளிம்பில் வேலி கிடையாது. செல்ஃபி எடுக்கும்போது பின்னால் நகராதீர்கள்.

நான்காவது நாள் கையில் இருந்தால் பூல் துறைமுகத்திலிருந்து படகில் பிரவுன்ஸி தீவுக்குப் போகலாம். 1907-ல் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களோடு முகாம் போட்டு, சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட இடம். இங்கிலாந்தின் பெரும்பாலான இடங்களில் மறைந்துபோன செந்நிற அணிலையும் இங்கே பார்க்கலாம்.

போகும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

*எப்போது போவது?* மே, ஜூன், செப்டம்பர் சரியான மாதங்கள். ஜூனில் இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். ஆகஸ்ட்டில் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டமும் வாடகையும் அதிகம்.

*எப்படிப் போவது?* லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேமத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். லைம் ரீஜிஸில் ஸ்டேஷன் கிடையாது. ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஊர்களை இணைக்கும் ஜுராசிக் கோஸ்டர் பஸ்கள் உண்டு. டைனம், கிம்மரிட்ஜுக்குக் கார் இருந்தால்தான் வசதி.

*என்ன சாப்பிடலாம்?* ஸ்கோன், ஜாம், கெட்டி கிரீம், டீ. இதுதான் கிரீம் டீ. டெவனில் முதலில் கிரீம் தடவுவார்கள், கார்ன்வாலில் முதலில் ஜாம். இதில் எது சரி என்று அங்கே யாரிடமும் வாதம் செய்யாதீர்கள்! சைவம் சாப்பிடுபவர்கள் சிப்ஸ் வாங்கும் முன் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவார்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பிலும் பொரிப்பார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம், பிக்னிக் அங்கே சகஜம். கடற்பறவைகள் கையிலிருந்தே பிடுங்கும், கவனம்.

*நடக்கும்போது?* வயல் நடுவே போனாலும் மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கடலோரத் தேசியப் பாதைக்குக் கருவாலிக் கொட்டைச் சின்னம் அடையாளம். திறந்த கேட்டைத் திரும்ப மூடுங்கள், உள்ளே ஆடு மாடு இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஜூலையிலும் காற்றுக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும்.

*ஆபத்து என்றால்?* 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள். குளிப்பதென்றால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும். தண்ணீரில் தவறி விழுந்தால் பதறி நீந்தாமல், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள உயிர்காப்புப் படகுச் சங்கம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். 1824-ல் தொடங்கி, மக்களின் நன்கொடையில் நடக்கும் அமைப்பு அது. படகில் வருபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். அங்கே எடுக்கும் படங்களில் இடத்தின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். நீங்கள் நின்று படம் எடுத்த விளிம்பு, உங்கள் பேரன் பேத்திகள் போகும்போது இல்லாமல் போகலாம். அது விழுந்த இடத்தில் அவர்கள் கைக்கு ஓர் அம்மோனைட் கிடைக்கலாம்.

அடுத்த வாரம் வேறோர் ஊரில் சந்திப்போம்!